மீட்டர் 110 காட்டுகிறது, வேஸ் 103 என்கிறது: கடையில் கொடுத்து முள்ளைச் சரி பண்ணலாமா?

பீடோர் பையன்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கொஞ்ச நாளாகவே ஒரு சந்தேகம் மண்டையைக் குடைகிறது. நான் பீடோரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன், வேலை ஈப்போ பக்கம். ஹைவேயில் ஏறினால் போனில் வழிகாட்டும் ஆப் வேஸ் ஓடிக்கொண்டே இருக்கும். காடி (கார்) மீட்டரில் முள் சரியாக 110இல் நிற்கும், வேஸ் 103 என்று காட்டும். பட்டணத்துக்குள் மீட்டரில் 60 வைத்துப் போனால் போனில் 56. எப்போது பார்த்தாலும் மீட்டர்தான் கூட, ஒரு தடவைகூட குறைத்துக் காட்டியதில்லை.

காடி உள்நாட்டுத் தயாரிப்புதான், டயர் 175/65 ஆர்14, கம்பெனியில் போட்டுக் கொடுத்த அதே அளவு. டயர் பாதிக்குத் தேய்ந்துவிட்டது, தீபாவளிக்கு முன்னால் மாற்ற வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 15 ஸ்போர்ட் ரிம் போடலாமே என்று ஆசை. டயர் கடைக்காரர் 195/60 ஆர்15 ஸ்டாக் இருக்கிறது, விலை குறைத்துத் தருகிறேன், காடி நன்றாகத் தூக்கி நிற்கும் என்கிறார். இன்னொரு பக்கம் ஒரு மீட்டர் கடையில் விசாரித்தேன், 150 வெள்ளி (ரிங்கிட்) கொடு, மீட்டரைக் கழற்றி முள்ளை 'செட்' பண்ணித் தருகிறேன் என்றார்.

இப்போது எதை நம்புவது, மீட்டரையா போனையா? மீட்டர் கெட்டுவிட்டதா? சரி பண்ண முடியுமா, முடிந்தால் பண்ணலாமா? பெருநாள் நேரம், ரோட்டுக்கு ரோடு கேமரா இருக்கும், சம்மன் கட்ட என்னிடம் காசு இல்லை. அப்பாவிடம் கேட்டால், முள்ளைப் பார்த்து ஓட்டாதே, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்கிறார். அவரிடம் இனிமேல் எதுவும் கேட்பதாக இல்லை.

தாப்பா மலையடி:

எல்லாக் காடியும் இப்படித்தான் தம்பி. என் வீட்டில் இரண்டு நிற்கிறது, இரண்டும் கூட்டித்தான் காட்டும். 150 வெள்ளிக்கு பெட்ரோல் ஊற்று.

பழைய போமன்:

தம்பி, மீட்டர் கெடவில்லை. அப்படிக் காட்ட வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள்.

ஐநாவின் வாகன ஒழுங்குமுறைகளில் 39ஆம் எண் வேக மீட்டருக்கு உரியது. 1958ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றின் கீழ் வரும் விதி அது, நம் மலேசியா 2006இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. விதி சொல்வது இவ்வளவுதான்: மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தை விட ஒருபோதும் குறையக் கூடாது. கூடலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்த்தால் என்ன வருமோ அதற்கு மேல் கூடக் கூடாது. நீ உண்மையில் 100இல் போனால் மீட்டர் 100 முதல் 114 வரை எதைக் காட்டினாலும் பாஸ். 99 காட்டினால் பெயில். உன் காடி 103க்கு 110 காட்டுகிறது, விதிப்படி 117 வரைக்கும் இடம் இருக்கிறது, ஆக உன்னுடையது நல்ல மீட்டர்.

கம்பெனிக்காரன் ஏன் சரியாக 103 என்றே காட்டக் கூடாது என்று கேட்பாய். காடிக்கு ரோடு தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று உள்ளே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கும், மிச்சமெல்லாம் பெருக்கல். ஆனால் புது டயரில் பூ, அதாவது ரோட்டில் படும் பக்கத்தில் இருக்கும் பள்ளக் கோடுகளின் ஆழம், 8 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6. புதுசிலிருந்து மொட்டையாகும் வரைக்கும் உன் டயரின் விட்டம் இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிடுகிறது. அதே அளவு டயர்கூட ஒரு பிராண்டு மற்றதைவிட ஒரு நூல் உயரமாக இருக்கும். இத்தனையும் சேர்ந்தாலும் மீட்டர் தப்பித் தவறிக்கூட குறைத்துக் காட்டிவிடக் கூடாது, காட்டினால் விதி மீறல். அதனால் முன்கூட்டியே சில சதவீதம் தூக்கி வைத்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் பத்து மணி முகூர்த்தத்தை ஒன்பதரை என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்வது போலத்தான்.

சரி பண்ண முடியுமா என்றால், எந்தக் காலத்துக் காடி என்பதைப் பொறுத்தது. பழைய புரோட்டான் சாகா மாதிரி வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வரும். கேபிள் நுனியில் ஒரு காந்தம் சுற்றும், அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம், இரண்டும் ஒன்றை ஒன்று தொடாது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும், ஒரு மெல்லிய சுருள் கம்பி அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும், இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸெ என்பவர் 1902இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, ஏறக்குறைய நூறு வருடம் உலகம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்டினார்கள். அதில் காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும், சுருள் கம்பி தளர்ந்தால் கூட்டிக் காட்டும், கேபிளில் கிரீஸ் வறண்டால் முள் ஆடும், கூடவே கீச்சுக் கீச்சென்று சத்தம் வேறு. கியர்பாக்ஸில் கேபிள் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். 28 பல்லுக்குப் பதில் 29 பல் போட்டால் கேபிள் மூன்றரை சதவீதம் மெதுவாகச் சுற்றும், முள்ளும் அவ்வளவு இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலை எல்லாம் கையால் செய்ததுதான்.

உன் காடியில் கேபிளே இருக்காது. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) சென்சார்தான் சக்கரத்தின் சுற்றை எண்ணிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது, கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்கு ஒரு சின்ன மோட்டார் முள்ளைத் திருப்புகிறது. நடுவில் ஒரு பெட்டியை மாட்டி சிக்னலை மாற்றலாம், அப்படிப்பட்ட பெட்டிகள் விற்கிறார்கள். சில ஐரோப்பியக் காடிகளில் லேப்டாப்பைச் சொருகி டயர் சுற்றளவையே மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அதே சென்சாரை நம்பித்தான் ஏபிஎஸ், சறுக்கல் கட்டுப்பாடு எல்லாம் ஓடுகிறது, காடியே பிரேக் பிடிக்கிற வசதி இருந்தால் அதுவும் அந்த வேகத்தைத்தான் பார்க்கும். ஒரு முள்ளுக்காக அங்கே கை வைக்கிற ஆள் நான் இல்லை.

அப்புறம் அந்த 150 வெள்ளிக் கடை. 'மீட்டர் செட்' என்று போர்டு போட்ட கடைகளுக்குப் பெரும்பாலும் வேறு தொழில், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துத் தருவது. அப்படிக் குறைத்துக் காடியை விற்றால் குற்றம். நாளைக்கு நீ காடி விற்கும்போது மீட்டரைக் கழற்றிய தடம் இருந்தால் வாங்குகிறவன் உன்னைத்தான் சந்தேகப்படுவான்.

கணக்கு டீச்சர்:

போமன் அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் முள்ளைப் பிடுங்கிச் செருகினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

தம்பி, உங்கள் வித்தியாசம் 110இல் 7, 60இல் 4. அதாவது வேகம் கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறது, இது சதவீதக் கணக்கு. முள்ளைப் பிடுங்கி 7 கோடு இறக்கிச் செருகினால் அது எல்லா வேகத்திலும் 7ஐக் கழிக்கும். ஹைவேயில் 103க்கு 103 காட்டும், சந்தோஷப்படுவீர்கள். பட்டணத்துக்குள் உண்மையில் 56இல் போகும்போது 53 காட்டும். ஆக 150 வெள்ளி கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குறைத்துக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கியிருப்பீர்கள். விதியில் கூடவே கூடாது என்று இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்தது டயர். 175/65 ஆர்14 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 14 அங்குலம். ரிம் 355.6, மேலும் கீழும் பக்கச் சுவர் 227.5, மொத்த விட்டம் 583.1 மில்லிமீட்டர். கடைக்காரர் தள்ளப் பார்க்கும் 195/60 ஆர்15க்கு இதே கணக்கைப் போட்டால் 615. ஐந்தரை சதவீதம் பெரிசு. சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. இப்போது உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு இடைவெளி மொத்தமும் அதிலேயே போய்விடும், மீட்டர் 110 என்றால் உண்மையும் கிட்டத்தட்ட 110தான். இதில் மீட்டரையும் 'செட்' பண்ணிவிட்டுப் பெரிய டயரையும் போட்டீர்கள் என்று வையுங்கள், மீட்டர் 110இல் நிற்க நீங்கள் 116இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பெருநாள் சமயத்தில் 90 ரோட்டை 80 ஆக்கினால் 80 வைத்து ஓட்டுகிறோம் என்று நினைத்து 84இல் போவீர்கள். கேமராவுக்கு உங்கள் முள் தெரியாது, அது ராடாரோ லேசரோ கொண்டு உண்மை வேகத்தைத்தான் அளக்கும்.

15 ரிம்தான் வேண்டும் என்றால் 185/55 ஆர்15 கேளுங்கள். விட்டம் 584.5, இப்போதைய டயருக்கும் அதற்கும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பெரொடுவா மைவி காடியில் சாதாரண ரகத்துக்கு 14, விலை கூடிய ரகத்துக்கு 15 என்று கம்பெனியே இந்த இரண்டு அளவையும் போடுவதற்குக் காரணம் இதுதான்.

குலை லோரி:

டீச்சர், ஒரு சந்தேகம். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகும்போது டயர் அமுங்கித்தானே இருக்கிறது, அப்போது மீட்டர் கூடக் காட்டுமா? ஆபிஸில் ஜிபிஎஸ் வைத்துப் பார்க்கிறார்கள், என் மீட்டரில் 80 இருக்கும், அவர்கள் 76 என்கிறார்கள். லோடு இல்லாதபோதும் அதே 76தான். எனக்குப் புரியவில்லை. வேகமாகப் போனாய் என்று திட்டு வாங்குவதற்கு மெதுவாகப் போனாய் என்று திட்டு வாங்கலாம், அது வேறு.

பழைய போமன்:

டீச்சரிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது கணக்கைவிட டயர் சமாச்சாரம். ரேடியல் டயரில் பூவுக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் ஓடுகிறது, அது நீளாது, சுருங்காது. லோடு ஏறினால் அடிப்பக்கம் சப்பையாகும், அச்சு கொஞ்சம் கீழே இறங்கும், ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு அந்த பெல்ட்டின் நீளம்தானே ரோட்டில் படுகிறது. அதனால் வித்தியாசம் மிகச் சின்னது, உன் முள்ளில் தெரியாது. காற்று குறைந்தாலும் இதே கதைதான், மீட்டர் அவ்வளவாக மாறாது. அதற்காகக் காற்றுப் பார்க்காமல் ஓட்டாதே, குறைந்த காற்றில் லோடு ஏற்றினால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஆபிஸ் சொல்வதைத்தான் நம்பு. நேரான ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது ஜிபிஎஸ் காட்டும் வேகம் எந்த மீட்டரையும் விடச் சரி, செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசை மாறுவதை வைத்து அது வேகத்தைக் கணக்குப் போடுகிறது. மிதிக்கும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் ஒரு நொடி, இரண்டு நொடி பின்தங்கும். ஹைவேயில் மெனோரா சுரங்கப் பாதைக்குள் போனால் சிக்னல் போய்விடும், அங்கே போன் காட்டும் எண்ணைப் பார்க்காதே.

பீடோர் பையன், நீ நேரம் கிடைத்தால் ஒரு சோதனை பண்ணிப் பார். ஹைவே ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒரு முறை கிலோமீட்டர் எண் போட்ட சின்னப் பலகை இருக்கும், கோலாலம்பூர் பக்கம் போகப் போக எண் கூடும். ஒரு பலகையில் டிரிப் மீட்டரை சைபர் ஆக்கு, முள்ளை ஒரே இடத்தில் வைத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டு, பக்கத்தில் இருப்பவர் போனில் நேரம் எடுக்கட்டும். நீ எடுக்காதே. உண்மையில் 90 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 40 விநாடி, 100 என்றால் 36. முக்கியமாக டிரிப் மீட்டர் கடைசியில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்.

பீடோர் பையன்:

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன் அண்ணே. முள் 110இல், பத்து கிலோமீட்டர், நேரம் 5 நிமிடம் 50 விநாடி. டிரிப் மீட்டர் 10.1 காட்டியது. வேஸ் வழி முழுக்க 103தான். இடையில் ஒரு பஸ் குறுக்கே வந்து மெதுவாக்க வேண்டியதாகிவிட்டது, அதனால் திரும்ப முதலிலிருந்து எடுத்தோம், தங்கச்சி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. வேகத்தில் ஏழு தப்பு இருக்கிறதே, தூரம் மட்டும் எப்படி இவ்வளவு சரியாக வருகிறது?

கணக்கு டீச்சர்:

350 விநாடியில் 10 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 102.9. உங்கள் போன் பொய் சொல்லவில்லை.

தூரம் சரியாக வந்ததுதான் இதில் நல்ல செய்தி. சக்கரத்தின் சுற்றைக் காடி எண்ணுவது சரி என்று அதற்கு அர்த்தம். 10க்கு 10.1, அந்த ஒரு சதவீதம் உங்கள் டயர் பாதி தேய்ந்ததால் வந்தது, போமன் அண்ணன் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள். ஆக மொத்த வித்தியாசம் ஏறக்குறைய ஏழு சதவீதம் என்றால் அதில் ஒன்று டயர் தேய்மானம், மிச்சம் ஐந்தரை ஆறு சதவீதம் முள்ளில் மட்டும் வேண்டுமென்றே ஏற்றி வைத்தது. தூரத்தில் அப்படி ஏற்றினால் சர்வீஸ் நாளும் வாரண்டியும் சீக்கிரம் முடிந்துவிடும், வாங்கியவன் சண்டைக்கு வருவான். அதனால் தூரத்தை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றுகிறார்கள்.

அதே அளவில் புது டயர் போட்டதும் மீட்டர் 110க்கு வேஸ் 104 காட்டும் பாருங்கள். கடைக்காரரின் 195/60 போட்டிருந்தால் டிரிப் மீட்டர் பத்து கிலோமீட்டருக்கு ஒன்பதரை சொச்சம்தான் காட்டியிருக்கும், அப்புறம் இங்கே வந்து, காடி பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, என்ன காரணம் என்று இன்னொரு கேள்வி போட்டிருப்பீர்கள்.

பழைய போமன்:

டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. இதனால்தான் பழைய கேபிள் வண்டியிலும் பல்சக்கரத்தை யோசித்துத்தான் மாற்றுவோம். அதே கேபிள்தான் முள்ளையும் திருப்பும், கிலோமீட்டர் எண்ணையும் திருப்பும். தூரம் சரியாக இருக்கும் வண்டியில் முள்ளுக்காகப் பல்லை மாற்றினால் தூரம் கெட்டுவிடும். டயர் அளவு மாறியிருந்தால் மட்டும் பல்லைத் தொடு.

உண்மை வேகம் கண்ணெதிரே வேண்டும் என்று ஆசையாக இருந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கு. மலிவு, ஆன்லைனில் கிடைக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வேகத்தை அது போனில் காட்டும், பல காடிகளில் அந்த எண் முள்ளைவிட ஜிபிஎஸ்ஸுக்கு நெருக்கமாக இருக்கும். ஒன்றும் கழற்ற வேண்டாம், வேண்டாம் என்றால் பிடுங்கிவிடலாம்.

பீடோர் பையன்:

விளங்கிவிட்டது. மீட்டர் கடைக்குப் போகவில்லை. டயர் கடையில் 185/55 ஆர்15 கேட்டேன், ஆர்டர் போட்டு வரவழைக்க ஒரு வாரம் ஆகுமாம். 195/60 ஏன் வேண்டாம் என்று அவரும் விடாமல் கேட்டார், எல்லாரும் போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார். டீச்சர் கணக்கைக் காட்டியதும் பேச்சை மாற்றி ரிம் கலரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பழைய போமன்:

ஆர்டர் போடும்போது பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 82 என்று இருக்கிறதா பார், ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம், அதற்குக் குறைவாக வாங்காதே. காற்று எவ்வளவு என்பதை டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் உன் டயர் அளவுக்கு நேரே பார்த்து அடி, கடைக்காரரைக் குத்துமதிப்பாக அடிக்க விடாதே. ரிம்மை ஃபெண்டருக்கு வெளியே தள்ளி நிற்கிற மாதிரி எடுக்காதே, குடும்பத்தோடு நான்கு பேர் ஏறினால் உரசும்.

குலை லோரி:

இதோடு இதாக, என் பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றினேன். அதற்கும் மீட்டர் தப்பாகக் காட்டுமா?

பழைய போமன்:

காட்டாது. ஈஎக்ஸ்5க்கு மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது, பின்னால் நீ என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. கியர்பாக்ஸ் பக்கம் சென்சார் வைத்த மோட்டாராக இருந்தால்தான் மாறும். முன் டயர் அளவை மட்டும் மாற்றாதே.